சட்டப் புத்தகத்தில் ஒரு பெண்

கிராஷியன் என்ற துறவியைப் பற்றிய செய்திகளில் காலத்தால் அழியாமல் மிஞ்சியவை சொற்பம். ஆனால் சுமார் 1140-ல் இத்தாலியிலுள்ள பொலோஞா நகரில் அவர் தொகுத்த 'டிக்ரீட்டம்', 1918-ல் புதிய தொகுப்பு அமலுக்கு வரும்வரை, கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்துக்கு ஓர் அடிப்படை நூலாக நிலைத்தது. ஒன்றுக்கொன்று முரணான விதிகளை இணங்க வைப்பதே அவர் நோக்கம். அதற்காக அவர் 36 கற்பனை வழக்குகளைப் புனைந்தார். கதை எழுதுகிறவனை இழுப்பது இதுதான்.

இருபத்தொன்பதாவது வழக்கைப் பாருங்கள். பிரபு ஒருவரின் மகன் பெண் கேட்டதாகச் செய்தி வருகிறது. உயர்குலப் பெண் ஒருத்தி இசைகிறாள். அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் அடிமை வந்து அவளை மணந்துகொள்கிறான். பிறகு உண்மையானவன் வந்து நிற்கிறான். ஏமாந்துபோனேன் என்று அவள் முறையிடுகிறாள். ஆளே மாறிவிட்டபோது சம்மதம் ஏது, அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார் கிராஷியன். ஆனால் பணக்காரன் என்று நம்பி ஏழைக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு விடுதலை இல்லை!

கதையாகப் பார்த்தால் குறை உண்டு. அவளுக்குப் பெயர் இல்லை. அந்த அடிமையின் மனசை எட்டிப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும், 'அவள் யாருக்குச் சம்மதித்தாள்?' என்ற கேள்வியை வழக்கின் நடுவில் வைத்தாரே, அந்த ஒன்றுக்காகவே அவரை நான் நம் கதைக்காரர் வரிசையில் சேர்ப்பேன்.