கோபுர நிழலும் மின்கருவியும்: சுஜாதாவின் திருவரங்கக் கதைகளை முன்வைத்து

சுஜாதாவை மதிப்பிட வந்த திறனாய்வாளர் பலரும் அவரை இருவராகப் பிரித்தே பார்த்துள்ளனர். ஒருவர், திருவரங்கத்துக் கீழச் சித்திரை வீதியில் பாட்டியின் வளர்ப்பில் கழிந்த இளமையைச் சிறுகதைகளாக்கியவர். மற்றவர், பெங்களூரில் பாரத மின்னணு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே கணிப்பொறியையும் சிலிக்கன் சில்லையும் தமிழ் வாசகருக்கு எடுத்துரைத்தவர். முன்னவருக்கு இலக்கியத்தில் ஓரிடம் தந்து, பின்னவரை வெகுசன எழுத்தின் கணக்கில் வரவு வைப்பது வழக்கமாகிவிட்டது. பகுப்பு வசதியானதுதான். ஆனால், கலை சூழ்ந்த ஓர் ஊரில் வளரும் குழந்தை தன் காலத்தில் மாறிவரும் கருவிகளை எவ்வாறு உள்வாங்கிக்கொள்கிறது என்னும் வினாவை அது எழவிடுவதில்லை. ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தொகுதியையும் ‘என் இனிய இயந்திரா’ புதினத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் இவ்வினாவுக்குரிய விடை அவற்றுக்குள்ளேயே கிடைக்கிறது.

அவர் கையாண்ட பெயர்களிலிருந்தே தொடங்கலாம். அலுவலக ஏடுகளில் அவர் எஸ். ரங்கராஜன். புனைகதைக்கு மனைவியின் பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார். 1965 முதல் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் எழுதியபோது இட்டுக்கொண்ட பெயர் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்பதாகும். தில்லியில் வான் போக்குவரத்துத் துறை சார்ந்த பணியில் இருந்த ஒருவர், அறிவுத்துறை வாசகர் படிக்கும் சிற்றிதழில் சொந்த ஊரைப் பெயரின் முன்னொட்டாக வைத்துக்கொண்டது தற்செயலன்று. ஊர் அவருக்கு முகவரியாக இல்லாமற்போன பின்னரே பெயராகியது.

அவ்வூர் எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட கோயிலுக்குள்ளேயே குடியிருப்பு வீதிகள் அமைந்திருப்பது திருவரங்கத்தின் சிறப்பு. அங்குக் கலையைக் காணத் தனியே ஓரிடத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. சித்திரைத் தேர் வீட்டு வாசலைக் கடந்தே செல்லும். வைகுண்ட ஏகாதசியையொட்டிய பகற்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர்கள் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்துவர். இயலும் இசையும் நாடகமும் ஒரே உடலில் கூடும் மரபு அது. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாக மரபு கூறும் மண்டபமும் தாயார் சன்னிதிக்கு எதிரே நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே தெற்கு வாயிலில் ஓர் அரைகுறைக் கட்டுமானம் நூற்றாண்டுகளாக நின்றது. ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். 1935இல் பிறந்த சுஜாதா சிறுவனாகக் கண்டது அந்த மொட்டைக் கோபுரத்தையே. இன்று திருவரங்கத்தின் அடையாளமாகப் படங்களில் இடம்பெறும், 236 அடி உயரமும் பதின்மூன்று நிலைகளும் கொண்ட இராசகோபுரம் 1979இல் பணி தொடங்கி 1987இல்தான் குடமுழுக்குக் கண்டது.

இச்செய்தி கட்டடக்கலை வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. திருவரங்கக் கதைகள் ஆனந்த விகடனில் வெளிவந்ததும் அதே 1980களில்தான். பெங்களூரில் அமர்ந்து அவர் தம் இளமைக்கால ஊரைச் சொல்லால் கட்டிக்கொண்டிருந்தபோது, உண்மையான ஊரில் சாரங்களின் மேல் புதிய கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. கதையில் வரும் ஊர் மூளியாக நின்ற கோபுரத்தின் ஊர். முழுமையடையாததால் எவரும் அண்ணாந்து பார்த்து வியக்காத ஊர்.

வியப்பின்மை என்பதே இக்கதைகளின் அடிப்படைத் தொனி எனலாம். கோயில் நகரைப் பற்றிய கதைகள் என்று நம்பி இவற்றுள் சிற்ப வருணனையையோ பக்திப் பெருக்கையோ தேடுபவர் ஏமாறுவர். கதைசொல்லியாகிய சிறுவனுக்குக் கோயில் என்பது விளையாட்டுக்குக் குறுக்கு வழி. திருவிழா என்பது பள்ளி விடுமுறை. ரங்கு கடையில் கூடும் நண்பர்களின் அரட்டைக்குக் கிடைக்கும் இடம் எந்த மண்டபத்திற்கும் கிடைப்பதில்லை. கலையை மரபுச் செல்வம் என்று பெயரிட்டுத் தள்ளி நின்று வணங்குவது வெளியிலிருந்து வருபவர் செயல். அதற்குள்ளேயே வளர்பவருக்கு அது தண்ணீர்க் குழாயைப் போலப் புழக்கத்தில் உள்ள ஒன்று. இப்பழக்கமே பின்னாளில் கருவிகளை அவர் அணுகிய முறையையும் தீர்மானித்தது. கணிப்பொறியைத் தமிழில் எழுதிய பலரிடம் காணப்படும் மிரட்சியோ வழிபாடோ அவரிடம் இல்லாமைக்குப் பொறியியல் கல்வி மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்றவர் பலர். அவர்கள் எல்லாரும் அவ்வாறு எழுதிவிடவில்லை.

கருவிகள் திருவரங்கத்திற்கு வந்த முறையும் இங்குக் கருதத்தக்கது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கப்பெற்றது. சுஜாதாவுக்கு அப்போது நான்கு வயது. அதாவது, அவருடைய கேள்வி நினைவின் தொடக்கத்திலேயே பாசுர ஓசையும் வானொலி ஓசையும் சேர்ந்தே நிற்கின்றன. அக்கால வானொலிப் பெட்டி வால்வுகள் சூடேறும் வரை காத்திருந்தே கேட்க வேண்டிய கருவி; உரிமம் பெற்றே வைத்திருக்கக் கூடியது; எல்லா வீடுகளிலும் இருந்ததன்று. ஆகவே ஒரு வீட்டுப் பெட்டி பல வீடுகளின் காதுகளுக்குப் பொதுவாயிற்று. செய்தித்தாளும் அவ்வாறே கடையில் கைமாறிப் படிக்கப்பட்டது. கருவி தனியுடைமையாவதற்கு முன்னைய நிலை இது.

கையெழுத்து இதழும் இவ்வரிசையில் சேரும். பின்னாளில் கவிஞர் வாலி எனப் புகழ்பெற்ற திருவரங்கத்து இளைஞர் ‘நேதாஜி’ என்னும் கையெழுத்து இதழை நண்பர்களோடு நடத்தினார். முதற்படியைக் கல்கி வெளியிட்டார். அங்கிருந்து வாலிக்குத் திருச்சி வானொலி நாடகத்திற்கும், பின்னர்த் திரைப்படப் பாட்டிற்கும் வழி திறந்தது. வாலியின் இயற்பெயரும் ரங்கராஜனே என்பது சுவையான ஒற்றுமை. (அவ்வூரில் இப்பெயரைத் தவிர்ப்பதே கடினம்.) ஓவியர் மாலியைப் பின்பற்றிப் புனைபெயர் சூடிய ஒரு ரங்கராஜன் கையெழுத்திலிருந்து ஒலிபெருக்கிக்குச் சென்றார், மற்றொரு ரங்கராஜன் 1953இல் திருச்சியிலிருந்து வந்த ‘சிவாஜி’ இதழில் முதல் கதையை அச்சில் கண்டார். இருவர்க்கும் கலை வீட்டு வாசலிலேயே இருந்தது. அதை வெளியே கொண்டுசெல்லும் வாகனத்தைத்தான் அவர்கள் தேடினர்.

இவ்வாகனத் தேட்டமே ‘பேப்பரில் பேர்’ கதையின் உள்ளீடு. தெருக் கிரிக்கெட் ஆட்டத்தையும் நாளிதழில் பெயர் அச்சாகி வருவதைக் காணும் ஆசையையும் பற்றிய எளிய நகைச்சுவைக் கதையாகவே இது பெரிதும் படிக்கப்பட்டுள்ளது. ஊருக்குள் அனைவர்க்கும் தெரிந்த ஒருவன், தெரியாத ஊர்களுக்குத் தன் பெயர் அச்செழுத்தாய்ப் போய்ச் சேர வேண்டும் என விரும்புவதில் ஒரு காலமாற்றம் பதிவாகியுள்ளது. கோயில் ஊரில் பெயர் என்பது கல்லில் வெட்டப்படுவது, அதுவும் கொடை தந்தவர்க்கு. அச்சு இயந்திரம் அந்தப் பேற்றை ஒரு சிறுவனின் கைக்கு எட்டுவது போலக் காட்டிவிடுகிறது. ‘ஏறக்குறைய ஜீனியஸ்’ என்னும் தலைப்பும் இத்தகையதே. மேதைமையை மறுக்காமலும் முழுமையாக வழங்காமலும் நிற்கும் அந்த ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லில், சிற்றூர் அறிவாளியிடம் ஆசிரியர் கொண்டிருந்த பரிவும் தொலைவும் ஒருங்கே உள்ளன. மொட்டைக் கோபுரத்தின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி அமைவது அரிது.

‘என் இனிய இயந்திரா’வுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டைக் கற்பனை செய்யும் இப்புதினத்தில் மக்களின் பெயர்கள் அரசாணையால் ஈரெழுத்துக்குச் சுருக்கப்படுகின்றன. பிறப்பும் இறப்பும் அரசின் அனுமதிக்குட்பட்டவை. நாட்டை ஆளும் ஜீவா என்னும் தலைவன் உண்மையில் ஒளியால் உண்டாக்கப்பட்ட முப்பரிமாணப் படிமம் என்பது பின்னர்த் தெரியவருகிறது. இதை அயல்நாட்டு அறிவியல் புனைகதைகளின் செல்வாக்கு என்று கூறி நிறுத்திக்கொள்வதுண்டு. செல்வாக்கு இல்லையெனச் சொல்ல இயலாது. எனினும், உற்சவத் திருமேனி வீதியுலா வருவதையும் கூட்டம் தொலைவில் நின்று தரிசிப்பதையும் ஆண்டுதோறும் கண்டு வளர்ந்த மனம், ஆட்சியின் வடிவத்தைக் கூட்டத்துக்குக் காட்டப்படும் படிமமாகக் கண்டதில் வியப்பில்லை. படிமத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்னும் கேள்வியை நாத்திகர் கேட்பது போலன்றி, அலங்காரத்தை அருகிலிருந்து பார்த்துப் பழகியவர் கேட்பது போலவே சுஜாதா கேட்கிறார்.

ஜீனோ என்னும் இயந்திர நாய் இதற்கு எதிர்முனையில் நிற்பது. அது ஒருவருக்கு உரிய கருவி. உடன் வருவது, பேசுவது, படிப்பது, வர வரத் தானே சிந்திக்கத் தொடங்குவது. கையடக்கக் கருவியோடு உரையாடும் இன்றைய வாழ்க்கைக்கு மிக அண்மையில் வரும் தமிழ்ப் பாத்திரம் அதுவே. ஆயின் புதினத்தில் அந்த நாய் அளவுக்குத் தமிழ்ச்சுவையோடு பேசும் மனிதர் இலர் என்பதைத் திறனாய்வு போதிய அளவு கவனிக்கவில்லை. திருவரங்கக் கதைகளில் தெரு முழுவதும் பகிர்ந்துகொண்ட குறும்பும் பேச்சும் இங்கு ஒரு கருவிக்குள் போய் ஒடுங்கிவிடுகின்றன. திண்ணையின் பேச்சு பெட்டிக்குள் புகுந்ததற்குச் சுஜாதா எங்கும் இரங்கவில்லை. ஆனால் இரு நூல்களின் மொழியும் அந்த இடப்பெயர்ச்சியைக் காட்டிக்கொடுக்கின்றன. இதே காலத்தில் அவருடைய நிறுவனம் உருவாக்கிய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வேறு வகைப்பட்டது. 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. எவருக்கும் சொந்தமில்லாததும் எல்லாரும் ஒருமுறை மட்டுமே தொடுவதுமான கருவி அது. அதன் உருவாக்கத்தில் பொறுப்பேற்றிருந்தவரே ஜீனோவையும் படைத்தார்.

இவ்வளவையும் ஏற்ற பின்னும் திருவரங்கக் கதைகளின் ஒரு குறையைச் சொல்லாமல் விட இயலாது. சித்திரை வீதியின் திண்ணை எல்லார்க்கும் பொதுவான திண்ணையன்று. வானொலி நிலையம் தொடங்கப்பட்ட அதே 1939இல்தான் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கான சட்டம் வந்தது. மதிலுக்கு உள்ளிருந்தவருக்கு வானொலி இன்னொரு ஓசை. வெளியே நிறுத்தப்பட்டிருந்தவருக்கோ மதிலைக் கடந்து வந்த முதல் ஓசையாகவும் அது இருந்திருக்கும். இந்த இரண்டாவது கேட்போர் கதைகளில் இடம்பெறவில்லை. சிறுவனின் பார்வை என்னும் உத்தி இதற்கு ஓரளவு சமாதானமாகலாம். முழுச் சமாதானம் ஆகாது. எழுதிய கை நாற்பதைக் கடந்த ஒருவருடையது.

இக்கதைகள் எழுதப்பட்ட நகரிலேயே இக்குறையை அளந்தறிய ஓரிடம் உண்டு. பாரத மின்னணு நிறுவனம் இருப்பது பெங்களூரின் வடபுறத்து ஜாலஹள்ளியில். நகரின் கிழக்கே அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையமோ பழைய தண்டுப் பகுதித் தமிழரின் உலகைச் சேர்ந்தது. 1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்ததைத் தொடர்ந்து படையோடும் வணிகத்தோடும் கூலி வேலையோடும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அப்பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் சோமேசுவரர் கோயிலும் அண்மையிலேயே உள்ளன. பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பயிலும் இப்பகுதிச் சிறுவன் ஒருவனுக்குத் தமிழ்க் கலை பெரும்பாலும் கருவி வழியாகவே வந்து சேர்கிறது: முதலில் வானொலி, பின்னர் ஒலிநாடா, பின்னர்த் தொலைக்காட்சி, இப்போது கைப்பேசி. திருவரங்கத்துச் சிறுவனுக்குக் கலை முந்தியது, கருவி பிந்தியது. இங்கு வரிசை தலைகீழ்.

கண்முன் நிற்க வேண்டிய கலையும் இங்கு மறைக்கப்பட்டிருந்தது. அல்சூர் ஏரிக்கருகே 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் காவிரிச் சிக்கலை முன்னிட்டு நகரில் தமிழர்க்கு எதிரான வன்முறையும் நிகழ்ந்தது. 2009 ஆகஸ்டு 9இல் சிலை திறக்கப்பட்டபோது பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1991இல் பிறந்த குழந்தை அதற்குள் வாக்காளராகிவிட்டது. மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்ததற்கும் துணி போர்த்திய வள்ளுவரைப் பார்த்து வளர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது காலத்தின் தாமதம். பின்னது மனிதர் இட்ட தடை.

பெங்களூரில் பல்லாண்டு வாழ்ந்து, ஓய்வுக்குப் பின் சென்னைக்குப் பெயர்ந்து, 2008 பிப்ரவரி 27இல் மறைந்த சுஜாதா அச்சிலையின் முகத்தை அவ்விடத்தில் காண வாய்க்கவில்லை. திருவரங்கத்தை எழுதிய அதே வேகமும் நகையுணர்வும் வாய்ந்த ஒரு கை, ஏரிக்கரைத் தெருக்களின் இளமையை எழுதினால் அதில் வரும் ஊர்க்கடையில் நாளிதழுக்குப் பதில் கைப்பேசி இருக்கும். அதன் திரையில் ஓடுவது அரையர் சேவையாகவும் இருக்கலாம். அக்கதைத் தொகுதி இனித்தான் வர வேண்டும்.