பருந்தின் வாலைப் பார்

சென்னை காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும் காலையில் தலைக்கு மேல் பருந்துகள் வட்டமிடும். வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாக வரும் செம்பருந்தை யாரும் சொல்லிவிடுவார்கள். அதன் இளசுதான் ஆளை ஏய்க்கும். உடம்பெல்லாம் பழுப்பு. கூடவே பறக்கும் கரும்பருந்தும் பழுப்பு. நல்ல பறவைக் கையேட்டின் ஓவியப் பக்கம் இந்த வழக்கை உடனே தீர்த்துவைக்கிறது: கரும்பருந்தின் வால் நுனி பிளந்திருக்கும், செம்பருந்தின் வால் வட்டமாக முடியும்.

இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அமெரிக்க ஓவியர் ரோஜர் டோரி பீட்டர்சன். 1934இல் வந்த அவருடைய கையேட்டில் ஒத்த பறவைகள் ஒரே கோணத்தில் வரிசையாக நிற்கும். எதைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. மற்றதையெல்லாம் துணிந்து விட்டுவிட்டார்.

சென்னைக்குப் பறவை ஓவியம் புதிதல்ல. நீதிபதியின் மனைவியாக 1801இல் இங்கே வந்த எலிசபெத் குவில்லிம், 1807இல் இறக்கும்வரை பறவைகளை அவற்றின் நிஜ அளவிலேயே நீர்வண்ணத்தில் தீட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட அந்த ஓவியங்கள் இப்போது மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மருத்துவர் ஜெர்டன் 1840களில் இங்கிருந்தே 50 படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். ஓவியம் என்று பார்த்தால் குவில்லிமின் இறகுகளுக்குப் பக்கத்தில் எந்த நவீனக் கையேடும் நிற்காது. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் நூறு சிறு பறவைகள் ஒரே சாயலில் ஓடும்போது, தனித்தனியாக நிற்கும் அழகுப் படங்களால் பயனில்லை. அங்கே வேண்டியது ஒப்பீடு.

அதற்குக் கிரிம்மெட்டும் இன்ஸ்கிப் தம்பதியும் எழுதி 1998இல் வந்த இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் நூலைத்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு ஓவியர்கள், அவர்களில் கோவாவின் கார்ல் டிசில்வாவும் ஒருவர். பன்னிரண்டு கை பட்டால் பக்கத்துக்குப் பக்கம் சாயல் மாறத்தான் செய்யும், மாறுகிறது. ஆனால் அவர்களில் பீட்டர் ஹேமன் இருக்கிறார். 1986இல் வந்த கரைப்பறவைக் கையேட்டின் ஓவியர். நிறத்தைவிட உருவ அளவை நம்புகிறவர். கென்டிஷ் உப்புக்கொத்தியையும் மணல் உப்புக்கொத்திகளையும் பிரிக்க அந்தக் கண்தான் வேண்டும். பிடரியில் வெள்ளை வளையம் சுற்றி வந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. வளையம் இல்லையென்றால் மணல் உப்புக்கொத்தி; அதிலும் அலகும் காலும் நீண்டிருந்தால் பெரியது, இல்லாவிட்டால் சின்னது.

புகைப்படம் இதில் தடுமாறும். ஒரு படம் காலை வெயிலில், இன்னொன்று மேகமூட்டத்தில் எடுத்ததாக இருக்கும். பறவையின் வித்தியாசமா, வெளிச்சத்தின் வித்தியாசமா என்று தெரியாது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' புகைப்பட நூல்தான்; ஆனாலும் தமிழில் தொடங்குகிறவருக்கு அதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. கரைப்பறவைக் கூட்டத்தின் நடுவே மட்டும் தூரிகைதான் கைகொடுக்கும்.

வடசென்னையில் இன்னொரு சங்கடம் உண்டு. கையேட்டுப் பறவைகள் எல்லாம் குளித்துவிட்டு வந்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூரில் படிந்தபோது, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்துப் பிசுபிசுத்தது. நிறத்தை நம்பிய கண்ணுக்கு அங்கே வேலையில்லை. அலகும் அதன் கீழ்ப் பையும் அடையாளத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

கையேடு எழுதுகிறவர்களுக்கு ஓய்வும் இல்லை. சின்ன மணல் உப்புக்கொத்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் சைபீரிய இனம், திபெத்திய இனம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியக் கரைக்குப் பெரும்பாலும் வருவது திபெத்தியது. பழைய பதிப்பு வைத்திருப்பவர் பெயரைப் பென்சிலால் திருத்திக்கொள்ளலாம். படத்தைத் திருத்த வேண்டியதில்லை, குளிர்காலச் சிறகில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.