மீண்டெழும் ஆசிரியர்: ஒரு கருத்தாக்கம் பற்றிய விமர்சன நோக்கு

ஆசிரியரின் இலக்கணம் கூறப் புகுந்த நன்னூலார் அவரை நிலத்துக்கு ஒப்பிட்டார். நிலத்தின் பெருமையும் திண்மையும் பொறையும் அங்கு பேசப்படுகின்றன. ஆசிரியரைப் போற்றும் மேடைகளிலே பெரிதும் எடுத்தாளப்படுவது இவற்றுள் பொறை ஒன்றே. ஆயின், பருவத்துக்கும் முயற்சிக்கும் ஏற்ற அளவிலேயே நிலம் பயன்தரும் என்பதும் அதே சூத்திரத்தின் பகுதியாகும். உரைகாரர் அம்முயற்சியை மாணாக்கர்மேல் ஏற்றிக் கூறுவர். எவ்வாறாயினும், தாங்கும் நிலம் தானே விளைவதில்லை என்னும் உண்மை அவ்வுவமையினுள் அடங்கியுள்ளது. ஆசிரியரின் உளநலம் பற்றி இன்று நிகழும் உரையாடலை மதிப்பிடுவதற்கு இவ்வுண்மை தக்கதோர் அளவுகோலாகும்.

அண்மைக் காலத்தில் ஆசிரியர் வாண்மை விருத்தி பற்றிய சிந்தனையில் ‘மீண்டெழும் ஆற்றல்’, ‘நல்வாழ்வு’ ஆகிய இரு கருத்துக்கள் முதன்மை பெற்றுள்ளன. பாட அறிவும் கற்பித்தல் முறையும் மட்டும் போதா; நெருக்கடியிலே தளராத, தளர்ந்தாலும் மீளவல்ல உளவலிமையும் ஆசிரியருக்கு வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. இதனை மறுப்பார் இலர். ஆனால் அவ்வலிமை எங்கிருந்து பிறக்கின்றது, அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களே விமர்சனத்துக்கு உரியன.

பௌதிகவியலிலும் இக்கருத்துக்கு இடமுண்டு. விசை நீங்கியதும் விற்சுருள் தன் பழைய வடிவுக்கு மீள்கின்றது. ஆயின் ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பாற் சுமை ஏற்றப்பட்டால் அது மீளாது. எனவே, சுருளின் திறனைச் சோதிப்பவர் சுமையின் அளவையும் உடன் குறித்துக்கொள்வர். ஆசிரியரின் ஆற்றலை அளக்க முனைவோர் பலர் அவர்மீது ஏற்றப்பட்டுள்ள சுமையைக் குறிப்பதில்லை.

இத்துறையிலே பெரிதும் அறியப்பட்ட பயிற்சிகளுள் ஒன்று, அவுஸ்திரேலியாவில் மேர்டொக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, கரோலின் மான்ஸ்ஃபீல்டும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய ‘பிரைட்’ எனும் இணையவழிப் பயிற்சியாகும். மீண்டெழும் ஆற்றலுக்கான விளக்கம், உறவுகள், நல்வாழ்வு, முன்முயற்சி, உணர்வுகள் என ஐந்து அலகுகளாக அது அமைந்துள்ளது. ஆசிரிய மாணவர் தம் நிலையைத் தாமே மதிப்பிட்டு, தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்து பயில்வர். அதன் ஆக்கியோர் சூழலின் பங்கை மறுப்பவரல்லர். உறவுகளுக்கென ஓர் அலகு வகுத்திருப்பதே அதற்குச் சான்று. எனினும், பயிற்சியின் வடிவமே அதன் எல்லையையும் வகுத்துவிடுகின்றது. தனியே ஒரு திரையின் முன் அமர்ந்திருக்கும் ஆசிரியரால் தம்மை மாற்றிக்கொள்ள இயலும். தமது நேரசூசியையோ, வகுப்பிலுள்ள மாணவர் தொகையையோ, அதிபரின் போக்கையோ மாற்ற இயலாது. மாற்றத்தக்கது எதுவோ அதுவே காரணம் எனக் கொள்ளும் மயக்கம் இங்குதான் தோன்றுகின்றது.

இம்மயக்கத்துக்கு ஆய்வுலகம் இடந்தரவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இற் பிறந்த 698 பிள்ளைகளின் வாழ்வை எமி வேர்னரும் ரூத் சிமித்தும் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்தனர். வறுமையும் குடும்பச் சிதைவும் மிக்க சூழலில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் செம்மையாக வளர்ந்தமையை அவர்கள் கண்டனர். அப்பிள்ளைகளின் இயல்பான குணநலன்கள் அதற்கு ஒரு காரணம். அவர்கள் சார்ந்து நிற்பதற்கு அன்புடைய ஒரு முதியவரேனும் கிடைத்தமை பிறிதொரு முக்கிய காரணம். பலருக்கு அவ்வாறு அமைந்தவர் ஓர் ஆசிரியரே. ஆகவே, மீண்டெழும் ஆற்றல் பற்றிய ஆய்வின் தொடக்கத்திலேயே அது ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் துணையாகக் காணப்பட்டது. பிள்ளைக்குத் துணை ஆசிரியர் எனின், ஆசிரியருக்குத் துணை யார் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

தொழிற்சோர்வு பற்றிய ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன. கிறிஸ்டினா மஸ்லாக்கும் மைக்கல் லைட்டரும் 1997இல் வெளியிட்ட நூலில், சோர்வின் வேரைத் தனிமனிதரிடத்தன்றி அவர் பணிபுரியும் சூழலிலேயே தேடினர். வேலைச்சுமை, பணிமீதான கட்டுப்பாடு, வெகுமதி, கூட்டுணர்வு, நீதி, விழுமியங்கள் ஆகிய ஆறும் அவர்களாற் சுட்டப்பட்டன. ஆசிரியரின் மீண்டெழும் ஆற்றலைத் தனியாக ஆராய்ந்த கிறிஸ்தோபர் டேயும் சிங் கூவும், பாடசாலைத் தலைமைத்துவமும் சக ஆசிரியரின் உறவும் அதனை வளர்க்கவோ குலைக்கவோ வல்லன என 2014இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினர். இவற்றை நோக்குமிடத்து, கருத்தாக்கத்தைப் பார்க்கிலும் அது பயிற்சியறைக்கு வரும்போது சுருங்கிவிடும் விதமே குறைபாடுடையது எனத் துணியலாம்.

இலங்கைச் சூழலில் இச்சுருக்கம் மேலும் கூர்மையாகத் தெரிகின்றது. நீண்ட போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் வடக்கு, கிழக்கு ஆசிரியரை உளவளத்துணையாளராகவும் ஆக்கின. இடம்பெயர்ந்த பிள்ளைகளைத் தேற்றியவர்களும் பெரும்பாலும் இடம்பெயர்ந்தவர்களே. இழப்புற்றோரைத் தாங்கியவர்களுள் இழப்புற்றோர் பலர். மலையகத்திலோ, தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்குவதற்கென 2015 அளவில் ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடன் பணி தொடங்கினர்; பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. 1997ஆம் ஆண்டு முதல் நீடித்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி, 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை நாடளாவிய ரீதியில் ஆசிரியரும் அதிபரும் பணிப்புறக்கணிப்பில் ஈடுபட்டனர். மறு ஆண்டு எரிபொருள் நெருக்கடியினாற் பாடசாலைக்குச் செல்வதே பலருக்குப் போராட்டமாயிற்று.

மாதம் 6,000 ரூபாவில் வாழ்வு நடத்தவேண்டியிருந்த ஓர் உதவியாளருக்கு மூச்சுப் பயிற்சியும் நேர முகாமைத்துவமும் கற்பிக்கப்படுவதாகக் கொள்வோம். அப்பயிற்சி பொய்யன்று; அவருக்குச் சிறிது ஆறுதலும் தரலாம். ஆனால் அதன் பின்னரும் அவர் சோர்வுறுவாராயின், குறை அவருடையதாகிவிடும். உரிமையாகக் கோரப்படவேண்டியது தனிப்பட்ட கடமையாக உருமாறும் இடம் இதுவே. வள்ளுவரின் ‘இடுக்கணழியாமை’ எனும் அதிகாரம் பொருட்பாலில், அரசியல் என வகுக்கப்பட்ட இயலின் இறுதியில் வைக்கப்பட்டிருத்தல் இவ்விடத்திற் சிந்தனைக்குரியது. இடுக்கண் கண்டு கலங்காமை அங்கு முதலில் ஆள்வோரிடம் எதிர்பார்க்கப்பட்டது. இன்றைய பயிற்சிகள் அதனை ஆளப்படுவோரிடம் மட்டும் எதிர்பார்க்கின்றன.

எனினும், இத்தகைய பயிற்சிகள் யாவும் வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடுவது மறுபுறத்து மிகையாகும். சமூக அமைப்பு மாறும் வரை துயருற்ற ஆசிரியர் காத்திருக்க இயலாது. உளத்துயரைச் சொல்வது பலவீனம் எனக் கருதப்படும் சமூகத்தில், அதனைச் சொல்வதற்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்தலே பெரும் பணியாகும். சம்பளம் உயர்ந்தாலும், வகுப்பறையில் ஒரு பிள்ளையின் அழுகையை எதிர்கொள்ளும் ஆசிரியருக்குத் தன் உணர்வுகளைக் கையாளும் பயிற்சி வேண்டியதே. எனவே, பயிற்சி வேண்டுமா வேண்டாமா எனும் வாதம் பயனற்றது. எத்தகைய பயிற்சி என்பதே வினா.

அதனை மதிப்பிடச் சில எளிய அளவைகள் போதும். பயிற்சி வேலை நேரத்தில் நடைபெறுகின்றதா, அன்றி ஆசிரியரின் விடுமுறை நாளைப் பறிக்கின்றதா? ஆசிரியர் மட்டும் அமர்ந்திருக்கின்றனரா, அதிபரும் வலயக் கல்வி அதிகாரிகளும் உடன் அமர்கின்றனரா? அங்கு சொல்லப்படும் இடர்களைக் கேட்டுப் பதில் கூறக் கடமைப்பட்டவர் ஒருவரேனும் உளரா? செயலமர்வு முடிந்தபின் பாடசாலையில் ஏதேனும் ஒன்று மாறுகின்றதா? பாடசாலை மட்டத்திலான வாண்மை விருத்தி இந்நாட்டிற் கொள்கையளவில் ஏற்கப்பட்டதொன்றே. சக ஆசிரியர் கூடிப் பேசுவதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்குதல், தொலைவிலிருந்து வந்த புதிய ஆசிரியருக்கு அனுபவமிக்க ஒருவரைத் துணையாக்குதல் ஆகியன பெருஞ்செலவை வேண்டுவனவல்ல. 1966இல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் இணைந்து ஆசிரியர் அந்தஸ்துப் பற்றி வகுத்த பரிந்துரை, சேவைக்காலக் கல்வியையும் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் ஒரே ஆவணத்திற் பேசியது. அன்று சேர்த்து நோக்கப்பட்டவற்றை இன்று பிரித்து நோக்குவது வளர்ச்சியாகாது.

நிலம் பொறுமையுடையது என்பது உண்மையே. ஆயினும் உழாமலும் நீர் பாய்ச்சாமலும் பொறுமையை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பவன் விளைச்சலைக் கேட்கும் தகுதியை இழந்துவிடுகின்றான். ஆசிரியரிடம் மீண்டெழும் ஆற்றலைக் கேட்கும் கல்வி அமைப்பு முதலில் விடைகூற வேண்டியது, அவர் திரும்பத் திரும்ப வீழ்வதற்குக் காரணமான குழிகளை யார் தூர்ப்பது என்னும் வினாவுக்கேயாகும்.