பாலையா கேட்ட கதை

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில்கதை சொல்லும் காட்சி என்றாலே நாகேஷைத்தான் புகழ்வோம். காட்சியைத் தாங்குபவர் கேட்டுக்கொண்டிருக்கும் பாலையா என்பது என் கட்சி. கதைக்கு வேண்டிய ஓசைகளை நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். ஆனால் அவை நம்மைத் தொடுவது பாலையாவின் முகம் வழியாக. முதலில் பணக்காரத் தகப்பனின் அலட்சியம், பிறகு மெல்ல விரியும் விழி, அப்புறம் ஒடுங்கும் உடம்பு. எதிலும் அவசரமில்லை. பயம் படிப்படியாக ஏறுகிறது, நமக்குச் சிரிப்பும் கூடவே ஏறுகிறது. வசனம் கோபுவுடையது, சேட்டை நாகேஷுடையது, சும்மா உட்கார்ந்திருந்தவருக்கா பாராட்டு என்று கேட்கலாம். திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்: நாகேஷின் திறமை தெரியும், சிரிப்பு பாதிதான் வரும். மாறாக, தமிழே தெரியாத ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினாலும் பாலையாவின் பயம் புரிந்துவிடும். விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் துள்ளல் பாட்டுகளும் வின்சென்ட்டின் வண்ணங்களும் நிறைந்த படம்தான். இருந்தும், பக்கத்தில் இருப்பவரை ஜொலிக்கவிடும் இந்தப் பொறுமைக்கே என் முதலிடம். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள்.