சூளையடியில் நிற்பவர்

மண்சிற்பிகளைப் பற்றி எழுதும் நம்மவர்கள் கண்காட்சியில் வைத்த சிற்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். சூளையடியில் மாணவரோடு அந்தச் சிற்பி கழித்த காலம் கணக்கில் வருவதே இல்லை.

அமெரிக்கரான ரே மீக்கர் 1971இல் டெபோரா ஸ்மித்தோடு சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். பச்சை மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர். பாரிய சிற்பங்களும் செய்தவர். ஆனாலும், இன்றைய இந்தியச் செரமிக் கலைஞர் பலர் அவரிடம் பயின்றவர்கள் என்பதையே அவருடைய பெரிய ஆக்கமாக நான் கொள்வேன். ஈரம் முழுக்கக் காயாத மண்ணைச் சூட்டில் வைத்தால் உள்ளிருக்கும் நீராவி அதை வெடிக்க வைத்துவிடும். காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் வேணும்.

நமக்கு இது புதிதுமல்ல. ஈரானின் காஷான் நகரில், மிஹ்ராப் ஓடுகளுக்குப் பேர்போன குடும்பத்தில் வந்த அபுல் காசிம் 1301இல் அத்தொழிலின் நுட்பங்களை எழுதிவைத்தார். எழுதுமுன்பே அந்த வீட்டில் தகப்பன் மகனுக்குக் கைமாற்றிய தொழில் அது. மிஹ்ராபைப் புகழும் நாம் அந்தக் கைமாற்றத்தைப் பேசுவதில்லை.

தெமோதரையிலிருந்து ஒரு பிள்ளை சிற்பம் படிக்கப் பல்கலைக்கழகம் போனால், சூளை திறக்குமட்டும் கூடவே நிற்கிற சிற்பி ஒருவர் அங்கே வேணும். நம் விமர்சனம் அவருடைய அந்த வேலையையும் கலையென்றே எழுதட்டும்.