மீனுக்குள் யாருடைய கண்?

1986இல் பெலீஸ் கடலில் முக்குளித்துக்கொண்டிருந்த கிரெக் மார்ஷல் எதிரே ஒரு சுறா வந்தது. அதன் உடம்பில் ரெமோரா என்கிற சின்ன மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மீன் இருக்கிற இடத்தில் ஒரு கேமரா இருந்தால்? நேஷனல் ஜியாகிரபிக்கின் 'கிரிட்டர்கேம்' இப்படித்தான் பிறந்தது. சுறா, ஆமை, சீல் என எல்லாவற்றின் முதுகிலும் ஏறிவிட்டது அது. கேமரா ஏறியதும் நாம் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்: "விலங்கின் பார்வை."

எனக்கு அந்தச் சொல்லில்தான் தகராறு.

'லெவியாதன்' (2012) பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் பார்த்துவிடுங்கள். லூசியன் காஸ்டெய்ங்-டெய்லரும் வெரேனா பரவெலும் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டிலிருந்து கிளம்பும் இழுவலைக் கப்பலில் சின்னஞ்சிறு கோப்ரோ கேமராக்களை வைத்து எடுத்த படம். வசனம் என்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கேமரா மீனவர்களின் உடம்பில் இருக்கும், கழியில் கட்டி அலைக்குள் முங்கும், தளத்தில் மீன்களோடு மீனாய்க் கிடந்து புரளும். 'மனிதமையம் தாண்டிய சினிமா' என்று நம்மூர் நண்பர்களும் கொண்டாடினார்கள். கடற்பறவைகள் தலைகீழாய்ப் பறக்கும் காட்சியில் எனக்கும் தலை சுற்றியது, உண்மை. ஆனால் கவனியுங்கள்: தளத்தில் அந்தக் கேமரா மீனுக்குப் பக்கத்தில் வருகிறபோது மீன் செத்துவிட்டது, இல்லை, செத்துக்கொண்டிருக்கிறது. உயிருள்ள மீன் எதை அறியும் என்பது படத்தில் எங்குமே இல்லை. படம் அதை மறைக்கவுமில்லை, பாராட்டுரைகள்தான் மறைத்தன.

போன மழைக்குப் பிறகு செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் நின்றபோது இது இன்னும் உறைத்தது. தண்ணீர் டீ நிறம். கையை விட்டால் விரல் தெரியாது. இதில் ஒரு விராலுக்குக் கேமரா கட்டினால் என்ன தெரியும்? மீனின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் கருவி இருக்கக்கூடாது என்று ஆய்வாளர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு கிலோ விராலுக்கு 20 கிராம். சரி, அவ்வளவு சின்னதாய்ச் செய்துவிட்டோம் என்றே வையுங்கள், திரையில் வெறும் பழுப்புதான் ஓடும். விரால் அந்தப் பழுப்புக்குள் சௌக்கியமாய் வாழ்கிறது. விலாவோரம் ஓடும் உணர்கோட்டால் நீரின் அசைவை வாங்குகிறது, வாசனை பிடிக்கிறது. கேமரா அதற்கு நம்முடைய கண்ணை மட்டும்தான் கடன் கொடுக்கிறது.

ஆய்வுக்குக் கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. தெளிந்த ஏரியில் எது எதைத் தின்கிறது, எங்கே ஒளிகிறது என்று காட்ட அதைப்போல் சாட்சி வேறில்லை. சாட்சி, அவ்வளவுதான். அதை 'பார்வை' என்று விமர்சகன் எழுதும்போது, பார்க்கவேண்டிய சிரமம் முடிந்துவிட்டதாக வாசகன் நினைத்துக்கொள்கிறான். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று உண்டு. அந்தச் சிற்பி மானின் கழுத்தில் எதையும் கட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்திருக்கிறான்.

அங்கேயே கடற்கரையில், நண்பனின் சித்தப்பாவிடம் லெவியாதனில் பத்து நிமிஷம் போனில் காட்டினேன். ஃபைபர் படகில் போகிறவர். பறவைக் காட்சியில் அவர் முகத்தில் ஒன்றுமில்லை. தளத்தில் மீன் குவிந்து சரிந்த இடத்தில் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, குஞ்சும் குளுவானுமா எல்லாத்தையும் வாரிக்கினு வர்றான்?"

"ஆமா சித்தப்பா, இழுவலை."

"அதான் பாத்தேன். கீழ தரைய சொரண்டுறான் பாரு, சேறு வருது."

சேற்றை நான் அதுவரை பார்க்கவில்லை. மூன்று முறை பார்த்த படம்.