வரி நோட்டில் இல்லாதவள்

திருவேட்டக்குடி சுந்தரேசுவரர் மாசி மகத்தன்று கடலாட வரும்போது குப்பத்து மருமகனாக வருகிறார். சாபத்தால் மீனவர் வீட்டில் பிறந்து வளர்ந்த அம்பாளைத் தேடி வந்து அவர் கைப்பிடித்தார் என்பது தலபுராணம். சம்பந்தர் பாடிய ஊர். பாட்டு முந்தியா கதை முந்தியா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. தெற்கே பட்டினச்சேரிக்குத் தீர்த்தவாரிக்கு வரும் திருக்கண்ணபுரம் சவுரிராஜப் பெருமாளையும் ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சைவமோ வைணவமோ, காரைக்கால் கரைக்குச் சாமி என்றால் பெண் கொடுத்த உறவு.

மாப்பிள்ளையை வரவேற்கும் பொறுப்பு பஞ்சாயத்தாருக்கு. அரசு அமைத்த பஞ்சாயத்தைச் சொல்லவில்லை, ஊர்ப் பஞ்சாயத்தைச் சொல்கிறேன். காரைக்கால் மாவட்டத்தின் மீனவக் கிராமங்களிலும், வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகை வரையிலும் இந்த ஏற்பாடுதான். முன்னோர் வழி என்று கும்பிடுகிறவர்களையும், கட்டப்பஞ்சாயத்து என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு தரப்புமே வரி நோட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

வரிதான் இதன் அச்சாணி. ஆண்பிள்ளை தலையெடுத்ததும், பல குப்பங்களில் கல்யாணம் ஆனதும், அவன் பேரில் ஒரு வரி விழும். கோயில் செலவு, வழக்குச் செலவு எல்லாம் வரிக்கு இவ்வளவு என்று பிரியும். ஊருக்கு ஏதாவது வந்தால் அதுவும் அப்படியே பிரியும். படகுக்காரனுக்கும் அவனிடம் பங்குக்குப் போகிறவனுக்கும் பொதுவாக ஒரே அளவு. நிலமுள்ள கிராமங்களில் இப்படியொரு சமன்கணக்கைக் காட்டுங்கள் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரிசியும் பாயும் பாத்திரமும் லாரி லாரியாக வந்து இறங்கின. எந்த வீட்டுக்கு எது என்று சொல்லும் பட்டியல் பஞ்சாயத்தாரின் கையில் தயாராக இருந்தது. கை நீண்டவன் அள்ளிப்போவதைப் பல இடங்களில் தடுத்தது அந்த நோட்டு. படகு ஒன்று கரை திரும்பவில்லை என்றால் மற்றப் படகுகள் தொழிலைப் போட்டுவிட்டுத் தேடக் கிளம்பும். டீசல் யார் கணக்கு என்ற பேச்சு அப்புறம்தான்.

இந்த ஏற்பாடு நிலைத்திருக்கப் புதுச்சேரிப் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. 1968-க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. பத்தாண்டு கடந்தும் அடுத்த தேர்தல் வரவில்லை. கொம்யூன் அலுவலகத்தில் ஆணையர் இருப்பார், அவரைக் கேள்வி கேட்க உறுப்பினர் இருக்கமாட்டார். தெருவிளக்கு எரியாத பேச்சும் ஊர்க்கூட்டத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகு, நோட்டில் யார் பேர் இல்லை என்று பார்க்க வேண்டும். புருஷனை அலை கொண்டுபோனால் அவன் வரியும் கூடவே போகலாம். விதவைகளும், தனித்து வாழ்ந்த பெண்களும், கரைத் தொழிலை நம்பிப் பிழைத்த தலித்துகளும் நிவாரணத்தில் விடுபட்டதாகச் சுனாமி நேரத்திலேயே இந்தக் கரை நெடுக முறையீடு எழுந்தது. பங்கு பிரித்தவர்கள் நேர்மையாகத்தான் பிரித்திருப்பார்கள். நோட்டில் இருந்தபடி பிரித்தார்கள்.

விடிகாலை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள அபத்தம் உறைக்கும். மீன் இறங்கியதும் ஆண்கள் வலையில் மாட்டிய நண்டைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்கள். விலை பேச்சு பெண்களுடையது. அன்னக்கூடையில் ஐஸை அள்ளிப் போட்டபடியே, சங்கரா இன்று என்ன விலைக்குப் போகும், கோட்டுச்சேரியில் யார் வீட்டில் விசேஷம், நேற்றைய பாக்கி எவ்வளவு என்று அத்தனையையும் மனக்கணக்காகக் கூட்டுகிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். வலைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி பேசி அடைப்பதும் அவர்கள்தான். ஊர்க்கூட்டத்தில் அந்த வாய்க்கு இடமில்லை. அவள் வழக்கையே அண்ணனோ மகனோ எழுந்து பேசினால்தான் உண்டு என்கிற குப்பங்களும் இருக்கின்றன.

தண்டனை விஷயத்திலும் எனக்கு இதே தயக்கம். வலை அறுந்த தகராறு ஒரு மாலையில் தண்டத்தோடு தீர்ந்துவிடுகிறது, கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டாம். கட்ட மறுத்தவனை ஊரே விலக்கிவைத்தால் மட்டும், மேலே போய் முறையிட ஓர் இடமில்லை.

பெரிய பணம் புகுந்ததும் இந்த ஏற்பாடு திணறிவிட்டது. தமிழ்நாடு 2000-ல் தடைசெய்த சுருக்குமடி வலை வேண்டும் என்ற ஊருக்கும் வேண்டாம் என்ற ஊருக்கும் ஒரே மாதிரிப் பஞ்சாயத்துதான். ஊருக்குள் மீனைப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு ஊருக்கும் ஊருக்கும் நடுவே கடலைப் பங்கிட வரவில்லை. அந்த வலையை 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள் வியாழன் மட்டும் வீசலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட வேண்டியதாயிற்று.

இந்த ஏற்பாட்டைக் கலைக்கச் சொல்ல மாட்டேன். கலைத்தால் அந்த இடத்துக்குக் கட்சிக்காரர்தான் வருவார். நோட்டில் பெண் பேரிலும் வரி எழுதச் சொல்வேன். பழக்கம் கெட்டுவிடும் என்பார்கள். 2006 மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, கடல் ஒன்றும் வற்றிவிடவில்லை. திருவேட்டக்குடியிலேயே இப்போது தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. குப்பத்துப் பெண் அங்கே படித்துப் பொறியாளராகலாம், ஊர்க்கூட்டத்தில் அவளுக்காக அவள் தம்பி பேசுவான்.

அடுத்த மாசி மகத்துக்கும் வரி பிரிப்பார்கள். எழுதுவது ஆண் பேரில். காசு பல வீடுகளில் மீன் விற்றவளின் முந்தானை முடிச்சிலிருந்து அவிழும்.